காதில் தொடங்கும் நாடக வகுப்பு: ஒலிக்கோலமும் குழந்தை உரிமைகளும்

பள்ளி நாடக வகுப்பில் குழந்தை உரிமைகளை எடுத்துக்கொள்ள விரும்பும் ஆசிரியர் பெரும்பாலும் முதலில் செய்வது, உரிமைகளின் பட்டியலைப் பலகையில் எழுதிக் குழுவுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்து, 'இதை நடித்துக் காட்டுங்கள்' என்று சொல்வதுதான். அதன் பிறகு என்ன நடக்கும் என்பதைச் சில காலம் நாடகம் கற்பித்த எவரும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஒரு மாணவர் தரையில் உட்கார்ந்து அழுவார், இன்னொருவர் கையை ஓங்கியபடி முதலாளியாக நிற்பார், கடைசி நிமிடத்தில் ஒரு காவலர் நுழைந்து எல்லாவற்றையும் சரிசெய்வார், வகுப்பு சிரிக்கும். அந்தக் காட்சியில் துன்பம் இருக்கும், அதுவும் கேலிச்சித்திரமாக. உரிமை மட்டும் இருக்காது.

ஒலியிலிருந்து தொடங்கினால் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி எழுவதே இல்லை. ஒலி எழுப்பும் மாணவர் பாதிக்கப்பட்டவராகவோ கொடுமைக்காரராகவோ நடிக்க வேண்டியதில்லை. அவர் ஒரு கதவின் தாழ்ப்பாளாக இருக்கலாம், தூரத்தில் செல்லும் ரயிலாக இருக்கலாம், யாரோ அழைத்தும் பதில் வராத ஒரு பெயராக இருக்கலாம். மேடைக்கூச்சம் உள்ளவர்கள் கூட்டத்தின் ஒலிக்குள் ஒளிந்துகொண்டே பங்கேற்க முடியும். கேட்பவர்களோ, கண்ணுக்கு எதுவும் காட்டப்படாததால், காட்சியைத் தாங்களே மனத்தில் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த முறையை முதன்முதலாக வகுப்பில் முயல்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. ஏறக்குறைய 9 முதல் 14 வயது வரையிலான மாணவர்களையும், 40 நிமிடப் பாடவேளைகள் மூன்று அல்லது நான்கையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். வயதுக்கும் நேரத்துக்கும் ஏற்ப நீங்கள் குறைத்துக்கொள்ளலாம், கூட்டிக்கொள்ளலாம்.

தொடங்குவதற்கு முன்

ஓரிடத்தில் கேட்கும் ஒலிகள் அனைத்தையும், அவற்றைக் கேட்பவரின் செவியையும் சேர்த்து, ஒரே பரப்பாகக் கருதும்போது அதை ஒலிக்கோலம் என்கிறோம். சவுண்ட்ஸ்கேப் என்று பலரும் வழங்குவது இதைத்தான். கனடாவின் இசையமைப்பாளரும் இசைக் கல்வியாளருமான ஆர். மரே ஷேஃபர் (1933–2021), 1960களின் இறுதியிலிருந்து சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் தம் குழுவினருடன் செய்த பணிகளால் இந்தக் கருத்து பரவலானது. ஓரிடத்தின் ஒலிகளை அவர் மூன்று வகையாகப் பார்த்தார். முதலாவது, எப்போதும் பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பதால் யாருமே கவனிக்காத ஒலி. கச்சேரியில் சுருதி இருப்பதைப் போன்றது என்பதால் இதைச் சுருதி ஒலி என்று அழைக்கலாம். இரண்டாவது, மணி, ஊதல், அழைப்பு போன்று நம்மைத் திரும்பிப் பார்க்க வைக்கும் அறிவிப்பு ஒலி. மூன்றாவது, அந்த இடத்துக்கே உரியதாக, அங்குள்ளவர்கள் பொருட்படுத்துகிற அடையாள ஒலி. நாடக வகுப்புக்கு இந்த மூன்றும் போதும். மாணவர்கள் உருவாக்கும் ஒலிக்கோலம் சந்தைக்கூச்சலாகிவிடும்போது, 'இதில் சுருதி எது, அறிவிப்பு எது, அடையாளம் எது?' என்று கேட்டாலே அவர்கள் தாமாக ஒழுங்குபடுத்தத் தொடங்கிவிடுவார்கள்.

உரிமைகளைப் பொறுத்தவரை, உங்கள் அடிப்படை ஆவணம் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை. 1990 செப்டம்பர் 2 அன்று நடைமுறைக்கு வந்த இதில் 54 பிரிவுகள் உள்ளன. முதல் 41 பிரிவுகள் உரிமைகளையும் கொள்கைகளையும் பேசுகின்றன, எஞ்சியவை அவற்றை எவ்வாறு நடைமுறைப்படுத்துவது, கண்காணிப்பது என்பவற்றைப் பற்றியவை. 18 வயது நிறையாத ஒவ்வொருவரையும் அது குழந்தை என்று கொள்கிறது. 'கணக்கும் அறிவியலும் இருக்க, நாடக வகுப்பில் இது எதற்கு?' என்று ஆசிரியர் அறையில் யாராவது கேட்டால், 42ஆம் பிரிவை எடுத்துக்காட்டலாம்: உடன்படிக்கையின் கொள்கைகளைப் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பரவலாகத் தெரியப்படுத்துவது அதை ஏற்ற அரசுகளின் கடமை என்று அது சொல்கிறது.

இந்த முறைக்கு அச்சாணி போன்றது 12ஆம் பிரிவு. தன் பார்வையை உருவாக்கிக்கொள்ளும் ஆற்றல் உள்ள குழந்தை, தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் அதைத் தடையின்றி வெளிப்படுத்தலாம் என்பது அதன் முற்பகுதி. அந்தப் பார்வைக்குக் குழந்தையின் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு அளிக்கப்பட வேண்டும் என்பது பிற்பகுதி. முற்பகுதி வாயைப் பற்றியது. பிற்பகுதி காதைப் பற்றியது. பள்ளிகளில் முற்பகுதி மட்டுமே கொண்டாடப்படுகிறது என்பது என் எண்ணம்: மேடையில் குழந்தையைப் பேச வைக்கிறோம், கைதட்டுகிறோம், பிறகு நாம் ஏற்கெனவே முடிவு செய்ததைச் செய்கிறோம். ஒலிக்கோலம் கேட்பதையே வேலையாகக் கொண்ட ஒரு பயிற்சி. ஆகவே பிற்பகுதியைக் கற்பிக்க அதைவிடப் பொருத்தமான கருவி நாடகத்தில் குறைவு.

முதல் படி: ஒரு நிமிடம் கேட்பது

மேசை நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு மாணவர்களை வட்டமாக உட்காரச் சொல்லுங்கள். கண்ணை மூடுவது கட்டாயம் அல்ல. கண்ணை மூடினால் சிலருக்கு அச்சமாக இருக்கும், அவர்கள் தரையில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஒரு நிமிடம் யாரும் பேசாமல் கேட்க வேண்டும். முதல் 20 நொடிகள் அறைக்கு வெளியே, தொலைவில் உள்ள ஒலிகளை. அடுத்த 20 நொடிகள் அறைக்குள் உள்ள ஒலிகளை. கடைசி 20 நொடிகள் தன் உடலுக்கு மிக அருகில் உள்ள, மூச்சு, துணி உரசல் போன்ற ஒலிகளை. நேரம் மாறும்போது நீங்கள் ஒரே சொல்லைத் தாழ்ந்த குரலில் சொன்னால் போதும்.

முதல் முறை கட்டாயம் யாராவது சிரிப்பார்கள். கண்டிக்காதீர்கள், 'அறைக்குள் கேட்டவற்றில் அந்தச் சிரிப்பும் ஒன்று' என்று பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். நிமிடம் முடிந்ததும் கேட்டவற்றைச் சொல்லச் சொல்லும்போது 'சத்தம்', 'இரைச்சல்' போன்ற பொதுச் சொற்களை ஏற்காமல், 'எப்படிப்பட்ட சத்தம்?' என்று ஒருமுறை திருப்பிக் கேளுங்கள். தமிழில் இதற்குச் சொற்பஞ்சமே கிடையாது: சலசல, கிறீச், தடதட, கிணுகிணு, நெறுநெறு, சளக்சளக், விர், குசுகுசு. இரட்டைக்கிளவியும் ஒலிக்குறிப்புச் சொற்களும் இலக்கணப் பாடத்தில் இருந்து இறங்கி வாய்க்கு வருவது இந்த வகுப்பின் உபரி ஆதாயம். வந்த சொற்களை ஒரு பெரிய தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த வகுப்புகளில் அதுதான் உங்கள் மூலப்பொருள் கிடங்கு.

இந்த ஒரு நிமிடத்தை ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் தவறாமல் செய்யுங்கள். முடிவில் செய்வதன் காரணம் பின்னால் வரும்.

இரண்டாம் படி: ஒலியைக் கட்டுப்படுத்தக் கற்பது

உரிமை எதையும் பேசுவதற்கு முன், கூட்டமாக ஒலி எழுப்பவும் ஒருசேர நிறுத்தவும் வகுப்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதற்கு நாடகப் பயிற்சிகளில் நெடுங்காலமாக வழங்கும் மழைப் பயிற்சி சிறந்தது. வட்டத்தில் ஒருவர் உள்ளங்கைகளைத் தேய்க்கத் தொடங்குவார். அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று அது வட்டம் முழுதும் பரவும். சுற்று முடிந்ததும் முதலாமவர் விரல் சொடுக்குக்கு மாறுவார். மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை பழைய ஒலியையே தொடர்வார்கள். பிறகு தொடையில் தட்டுவது, பிறகு காலால் தரையை மிதிப்பது. அதன்பின் அதே வரிசையில் பின்னோக்கி வந்தால் மழை ஓய்ந்துவிடும். ஒலி ஒருவரிடமிருந்து ஒருவருக்கு நகர்வதால்தான் மழை நெருங்கி வருவதைப் போன்ற உணர்வு உண்டாகிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் மாறினால் அது வெறும் கைத்தட்டலாகிவிடும். 20 பேருக்கு மேல் இருந்தால் மிக நன்றாக அமையும்.

அடுத்து நடத்துநர் ஒருவரை நியமியுங்கள். கை உயர்ந்தால் ஒலி கூட வேண்டும், தாழ்ந்தால் குறைய வேண்டும், விரல் நீட்டப்பட்டவர் நுழைய வேண்டும், கை மூடிக்கொண்டால் அந்தக் கணமே நிற்க வேண்டும். முதலில் நீங்கள் நடத்திக் காட்டிவிட்டு, உடனே அதை மாணவர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள். வழக்கமாகப் பேசாத மாணவர் ஒருவர் கையை மூடிக்கொண்டதும் 30 பேர் சட்டென்று அடங்குவதைப் பார்க்கும்போது அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். அதைப் பற்றி அப்போதே எதுவும் சொல்ல வேண்டாம். 12ஆம் பிரிவைப் பேசும் நாளில் அவர்களுக்கே நினைவுக்கு வரும்.

ஒலியை மாற்றிப் பார்க்க ஆறு வழிகளை அறிமுகப்படுத்துங்கள்: உரத்தது–மெல்லியது, உச்சம்–மந்தம், வேகம்–நிதானம், ஒருவர்–பலர், அருகில்–தொலைவில், இவற்றோடு மௌனம். தொலைவு என்பது ஒலி அளவு மட்டும் அல்ல. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டோ, வாயைக் கையால் மூடிக்கொண்டோ, கதவுக்கு வெளியே நின்றோ ஒலித்தால் தொலைவு வேறு விதமாகக் கேட்கும். மௌனத்தைத் தனியாகப் பயிற்சி செய்யுங்கள்: உரத்த ஒலிக்குப் பின் ஐந்து நொடிகள், மெல்லிய ஒலிக்குப் பின் ஐந்து நொடிகள். ஐந்தும் ஐந்தும் ஒரே அளவுதான், ஆனால் இரண்டும் ஒரே மௌனம் அல்ல என்பதை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

கருவிகளுக்குச் செலவே தேவையில்லை. தாளை மெதுவாகக் கசக்கினால் நெருப்பு எரிவது போல் இருக்கும்; மெல்லிய உலோகத் தகட்டைப் பிடித்து அசைத்தால் இடி கேட்கும், நாடக அரங்குகள் நூற்றாண்டுகளாகச் செய்துவந்தது இதையேதான்; கூழாங்கற்கள் போட்ட டப்பா, சாவிக்கொத்து, காலி நெகிழிப் புட்டி, தடித்த துணி, காய்ந்த இலைகள் நிறைந்த பை ஆகியவை இருந்தால் ஒரு ஊரையே உருவாக்கிவிடலாம். கைப்பேசியில் இருந்து தயார் ஒலிகளை ஓடவிடலாமா என்று பலர் கேட்பதுண்டு. முதல் சில வகுப்புகளில் வேண்டாம் என்பேன். தயார் ஒலி துல்லியமாக இருக்கும். ஆனால் அதை எப்போது குறைப்பது, எங்கே தயங்குவது என்ற முடிவுகள் மாணவர் கையிலிருந்து போய்விடும்.

பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. ஒருமுறை நாங்கள் மழையை நன்றாகப் பெய்வித்துக்கொண்டிருந்தபோது, என்ன உடைந்தது என்று பார்க்க மூன்று பேர் ஓடிவந்துவிட்டார்கள்.

மூன்றாம் படி: எந்த உரிமை?

முதன்முறை செய்பவர்களுக்கு என் பரிந்துரை, 31ஆம் பிரிவு (ஓய்வும் விளையாட்டும் கலையும்), 7ஆம் பிரிவு (பெயரும் குடியுரிமையும்), 12ஆம் பிரிவு (செவிமடுக்கப்படுதல்) ஆகிய மூன்றில் ஒன்று. இவை ஒலியோடு இயல்பாகவே இணைந்தவை. எல்லா மாணவருக்கும் அனுபவத்தில் ஏதோ ஒரு பிடி கிடைக்கும். கல்வி குறித்த 28, 29 ஆகிய பிரிவுகளும் எளியவை போலத் தோன்றும், ஆனால் பள்ளிக்குள்ளேயே பள்ளியைப் பற்றி நாடகம் செய்யும்போது மாணவர்கள் உங்களுக்குப் பிடித்ததைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அகதிக் குழந்தைகள் பற்றிய 22, பொருளாதாரச் சுரண்டலில் இருந்து பாதுகாப்புப் பற்றிய 32 ஆகியவற்றை வகுப்பு பழகிய பிறகு எடுக்கலாம். வன்முறையில் இருந்து பாதுகாப்புப் பற்றிய 19ஆம் பிரிவையும், பாலியல் சுரண்டல் பற்றிய 34ஆம் பிரிவையும் நாடகமாக்குவதைப் புதியவர்கள் தவிர்க்க வேண்டும். அவை பயிற்சி பெற்ற ஆலோசகரின் துணையோடு வேறு முறையில் கையாளப்பட வேண்டியவை.

பிரிவைத் தேர்ந்த பின் அதை ஒரே எளிய வாக்கியமாக மாணவர்களோடு சேர்ந்து எழுதுங்கள். அப்போது இரண்டு குழப்பங்கள் தவறாமல் எழும். ஒன்று, விருப்பத்துக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு. விளையாட நேரமும் இடமும் உரிமை, குறிப்பிட்ட ஒரு விளையாட்டுப் பொருள் விருப்பம் என்று ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னால் மாணவர்கள் மற்றவற்றைத் தாங்களே பிரித்துவிடுவார்கள். மற்றொன்று பெரும்பாலும் பெரியவர்களிடமிருந்து வருவது: 'கடமையைச் செய்தால்தான் உரிமை.' உடன்படிக்கையில் எந்த உரிமையும் குழந்தையின் நன்னடத்தைக்குக் கூலியாகத் தரப்படவில்லை. வீட்டுப்பாடம் எழுதாத குழந்தைக்கும் ஓய்வு உரிமை உண்டு. பிறருக்கும் அதே உரிமைகள் இருப்பதால் அவற்றை மதிக்க வேண்டும் என்பது வேறு பேச்சு. அதையும் இதையும் கலந்துவிடாதீர்கள்.

நான்காம் படி: ஒரு வகுப்பை முழுமையாகக் கட்டுவது

31ஆம் பிரிவை எடுத்துக்கொண்டு, இரண்டு பாடவேளைகளில் இதை எப்படி நடத்தலாம் என்று விரிவாகப் பார்ப்போம். கதைக்களம் மிக எளியது: ஒரு குடியிருப்பின் நடுவே ஒரு திறந்தவெளி இருக்கிறது, குழந்தைகள் அங்கே விளையாடுகிறார்கள், அதை மூடி வேறு பயன்பாட்டுக்கு எடுத்துக்கொள்ளப்போவதாக ஒரு நாள் அறிவிப்பு வருகிறது. இடத்துக்குப் பெயர் வைக்கும் பொறுப்பை மாணவர்களிடம் விடுங்கள். உண்மையான இடத்தின் பெயரை அவர்கள் சொன்னால், கற்பனைப் பெயராக மாற்றச் சொல்லுங்கள்.

வகுப்பை ஐந்து அல்லது ஆறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, அந்தத் திறந்தவெளியின் ஒரு மாலைநேரத்தை 40 நொடி ஒலிக்கோலமாக உருவாக்கச் சொல்லுங்கள். தயாரிக்க எட்டு நிமிடங்கள் போதும். அதிகம் கொடுத்தால் பேச்சு வளரும், ஒலி வளராது. ஒவ்வொரு குழுவும் ஒரு சுருதி ஒலி, குறைந்தது ஓர் அறிவிப்பு ஒலி, ஓர் அடையாள ஒலி ஆகியவற்றைத் தீர்மானிக்க வேண்டும். சொற்கள் கூடாது என்று தொடக்கத்திலேயே விதித்துவிடுங்கள். சொற்களை அனுமதித்தால் ஒலிக்கோலம் ஒரு நிமிடத்தில் வானொலி நாடகமாகிவிடும். பெயர் சொல்லி அழைப்பதை மட்டும் விதிவிலக்காக வைக்கலாம். குழுக்கள் நிகழ்த்தும்போது மற்றவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு கேட்கட்டும். முடிந்ததும் 'என்ன கேட்டது?' என்று கேட்ட பின்னரே 'எங்கே இருந்தீர்கள்?' என்று கேளுங்கள்.

பிறகு எல்லாக் குழுக்களையும் இணைத்து ஒரே பெரிய மாலையாக்குங்கள். நடத்துநர் குழுக்களை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவருவார். ஒலி நிறைந்து நிற்கும் நேரத்தில் நீங்கள், ஆசிரியராக அல்லாமல் ஓர் அலுவலராக, ஒரு தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பேசாமல் திரும்பிவிடுங்கள். ஆசிரியரே பாத்திரம் ஏற்று நாடகத்துக்குள் இறங்கும் இந்த உத்தியை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் பிரித்தானிய நாடகக் கல்வியாளர் டோரதி ஹீத்கோட் (1926–2011). இதற்கு நடிப்புத் திறன் தேவையில்லை. ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொள்வதோ கோப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வதோ போதும்; அதைக் கீழே வைத்ததும் நீங்கள் மீண்டும் ஆசிரியர் என்பதை முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

அறிவிப்பு ஒட்டப்பட்ட பின், ஒலிக்கோலத்தை மீண்டும் தொடங்கச் சொல்லுங்கள். இம்முறை ஒலிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போக வேண்டும், ஆனால் எந்த ஒலி எந்த வரிசையில் போக வேண்டும் என்பதை மாணவர்களே விவாதித்து முடிவு செய்ய வேண்டும். இந்த விவாதத்துக்கு நேரத்தைத் தாராளமாகக் கொடுங்கள், ஏனென்றால் வகுப்பின் சாரம் இங்கேதான் இருக்கிறது. சிரிப்பு முதலில் போகுமா, கடைசியில் போகுமா? பந்தின் ஒலி நின்ற பிறகும் காலடி ஓசை இருக்குமா? மிகச் சிறியவர்களின் ஒலி முதலில் மறையுமா? அவர்களுக்குத்தானே தொலைவில் உள்ள வேறு இடத்துக்குத் தனியே போக முடியாது? பாகுபாடின்மை பற்றிய 2ஆம் பிரிவையும், மாற்றுத்திறனுடைய குழந்தைகளைப் பற்றிய 23ஆம் பிரிவையும் நீங்கள் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தாமலே, வரிசையைப் பற்றிய சண்டையில் அவை வந்துவிடும். வந்த பிறகு பெயரைச் சொல்லுங்கள்.

எல்லா ஒலிகளும் போன பின் எஞ்சும் சுருதி ஒலி எது என்று கேளுங்கள். காற்று, வாகனங்கள், இயந்திரம், ஒன்றுமே இல்லை என்று பலவிதமாகச் சொல்வார்கள். எல்லாவற்றையும் ஒருமுறை செய்து பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும்.

இரண்டாம் பாடவேளையில் கூட்டம். அலுவலராக நீங்கள் அமர்ந்திருக்கிறீர்கள். குழந்தைகள் தங்கள் பக்கத்தைச் சொல்ல வருகிறார்கள். முதல் சுற்றில் நீங்கள் மிகப் பணிவாகவும் இனிமையாகவும் நடந்துகொண்டு, எதையும் குறித்துக்கொள்ளாமல் எல்லாரையும் அனுப்பிவிடுங்கள். 'நன்றாகப் பேசினீர்கள், மகிழ்ச்சி' என்று சொல்லுங்கள். வில்லனாக நடிக்காதீர்கள், கத்துகிற அலுவலரை எதிர்ப்பது எளிது, புன்னகைத்தபடி கேளாத செவியாக இருப்பவரை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. பாத்திரத்தில் இருந்து வெளியே வந்து, 'உங்கள் உரிமை நிறைவேறியதா?' என்று கேளுங்கள். பேச விட்டார்களே என்று சிலர் சொல்வார்கள். 12ஆம் பிரிவின் பிற்பகுதியை இப்போது படித்துக் காட்டுங்கள். பெல்ஃபாஸ்டைச் சேர்ந்த கல்வியாளர் லாரா லண்டி 2007ஆம் ஆண்டு இந்தப் பிரிவை நான்கு கூறுகளாக விளக்கினார்: பேசுவதற்கான இடம், பேசும் குரல், கேட்பதற்குரிய பொறுப்பாளர், அந்தப் பேச்சால் நேரும் தாக்கம். அந்த நான்கையும் பலகையில் எழுதி, முதல் சுற்றில் எவை இருந்தன, எவை இல்லை என்று குறிக்கச் சொன்னால், பெரும்பாலான வகுப்புகள் நான்காவதில் வந்து நிற்கும்.

இரண்டாம் சுற்றில், கூட்டத்தை எப்படி மாற்றினால் அந்த நான்கும் இருக்கும் என்று குழுக்கள் முன்மொழிந்து நடத்திப் பார்க்கும். பிரேசில் நாடகாசிரியர் அகஸ்டோ போவால் (1931–2009) உருவாக்கிய மன்ற அரங்கில், பார்வையாளர் காட்சியை நிறுத்தி, தானே நுழைந்து, வேறு விதமாகச் செய்து பார்ப்பார். அந்த முறையை அப்படியே பயன்படுத்தலாம். ஒரு குழு, பேசுவதற்குப் பதிலாக, ஒலிகள் மறைந்துபோகும் தங்கள் ஒலிக்கோலத்தையே கூட்டத்தில் நிகழ்த்தலாம். 13ஆம் பிரிவு கருத்து வெளிப்பாட்டைப் பேச்சு, எழுத்து ஆகியவற்றோடு நிறுத்தாமல் கலை வடிவத்தையும் சேர்த்தே சொல்கிறது என்பதை அப்போது சுட்டிக்காட்டுங்கள். அலுவலராகிய நீங்கள் எந்த முடிவுக்கு வர வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டு வராதீர்கள். அவர்கள் சொல்வது உங்களை மாற்றினால் மாறுங்கள். மாற்றாவிட்டால் ஏன் மாறவில்லை என்று காரணம் சொல்லுங்கள். காரணத்தைக் கேட்பதும் செவிமடுக்கப்படுவதன் ஒரு பகுதி. இறுதியில், அந்த இடத்தின் ஒலிக்கோலம் ஓராண்டுக்குப் பின் எப்படி இருக்கும் என்று வகுப்பு முழுதும் சேர்ந்து உருவாக்கட்டும். அது மகிழ்ச்சியாக முடிய வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம்.

7ஆம் பிரிவுக்கு இன்னும் சிறிய வடிவம் போதும். வருகைப் பதிவேடு வாசிக்கப்படும் ஒலிக்கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாத்திரங்கள் எல்லாம் கற்பனைப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பதில் ஒலி இருக்கும். ஒரு நாற்காலிக்கு மட்டும் பெயர் வாசிக்கப்படுவதே இல்லை. பிறப்புப் பதிவு இல்லாததால் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத ஒரு குழந்தை அந்த நாற்காலி. பட்டியல் வாசிக்கும் குரல் மருத்துவமனை, பள்ளி, எல்லைச்சாவடி என்று இடம் மாறிக்கொண்டே போகும்போது அந்த நாற்காலியின் மௌனம் எடை கூடிக்கொண்டே போகும். கடைசியில் வகுப்பு அந்தக் குழந்தைக்கு ஒரு பெயரைத் தேர்ந்து, முணுமுணுப்பில் தொடங்கி உரத்த குரல் வரை அழைக்கும்.

கவனமாக இருக்க வேண்டிய இடங்கள்

ஒலி சட்டென்று நினைவைக் கிளறக்கூடியது. அதுவே இதன் பலமும் ஆபத்தும். உங்கள் வகுப்பில் போர், இடப்பெயர்வு, வீட்டு வன்முறை, விபத்து ஆகியவற்றை நேரில் அறிந்த ஒருவர் இருக்கக்கூடும், உங்களுக்கு அது தெரியாமலும் இருக்கலாம். எனவே வெடியொலி, எச்சரிக்கைச் சங்கு, கதவை உடைப்பது, அலறல் ஆகியவற்றை முன்னறிவிப்பின்றி எழுப்பக் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே விதியாக வையுங்கள். 22ஆம் பிரிவைச் செய்யும்போதுகூட, புறப்பாட்டுக்கு முன்னான வீட்டின் ஒலிகள், ஒரு பையை மூடுவது, பூட்டு விழுவது, நடை என்ற அளவில் நிறுத்தினால் காட்சிக்கு எந்தக் குறையும் வராது. யாரும் காரணம் சொல்லாமல் வட்டத்தை விட்டு வெளியேறி ஒரு குறிப்பிட்ட இடத்தில் உட்காரலாம் என்பதும் விதியாக இருக்கட்டும்.

எப்போதும் கற்பனைப் பாத்திரத்தைப் பற்றியே பேசுங்கள். 'உனக்கு இப்படி நடந்திருக்கிறதா?' என்ற கேள்வியை வட்டத்தின் நடுவே கேட்கவே கூடாது. 'அந்தச் சிறுமி என்ன கேட்டிருப்பாள்?' என்பதே சரியான கேள்வி. அப்படியும் ஒரு மாணவர் தனக்கு நேர்ந்த ஒன்றை உங்களிடம் சொன்னால், அமைதியாகக் கேளுங்கள், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்களிக்காதீர்கள், துருவித் துருவிக் கேட்காதீர்கள், பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றே தெரிவியுங்கள். பொறுப்பானவர் யார் என்பது தெரியாவிட்டால், முதல் வகுப்புக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிற மக்களின் மொழியையோ உச்சரிப்பையோ போலி செய்து 'வெளிநாட்டுக் கூட்டம்', 'ஏழைகளின் தெரு' என்று ஒலிக்கோலம் அமைக்க மாணவர்கள் முயல்வதுண்டு. அப்போது கண்டிப்பதைவிட, 'அந்தத் தெருவில் விளையாட்டு ஒலியே இருக்காதா?' என்று கேட்பது பலன் தரும். வறுமையின் ஒலி அழுகை மட்டும்தான் என்று எண்ணும் ஒரு வகுப்பு, அந்தக் குழந்தைகளை உரிமை உடையவர்களாக அல்லாமல் இரக்கத்துக்கு உரியவர்களாக மட்டுமே பார்க்கிறது.

செவித்திறன் குறைந்த மாணவர் இருந்தால் இந்த வகுப்பு அவருக்குப் பொருந்தாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மரத்தளத்தில் காலால் மிதிப்பது, மேசையில் உள்ளங்கை வைத்து அதிர்வை உணர்வது, ஊதிய பலூனை மார்போடு பிடித்துக்கொண்டு அருகில் எழும் ஒலியின் நடுக்கத்தை அறிவது ஆகியவை மற்ற மாணவர்களுக்கும் புதிய கேட்கும் முறைகளாக அமையும். நடத்துநரின் கைச்சைகைகள் கண்ணுக்குரியவை என்பதால் அவரே சிறந்த நடத்துநராகவும் அமையலாம். மாறாக, உரத்த ஒலியால் துன்புறும் மாணவர்களும் உண்டு. அவர்களுக்குக் காதடைப்பானும், வட்டத்தின் ஓரத்தில் இடமும், ஒலி உச்சத்தை எட்டப்போவதை முன்கூட்டித் தெரிவிக்கும் ஒரு சைகையும் போதுமானவை.

வகுப்பின் முடிவில் மாணவர்களைப் பாத்திரத்தில் இருந்து வெளியே கொண்டுவருவதைத் தள்ளிப்போடாதீர்கள். கைகால்களை உதறச் சொல்லி, ஒவ்வொருவரும் தன் சொந்தப் பெயரைச் சொல்ல வைத்து, பிறகு தொடக்கத்தில் செய்த அந்த ஒரு நிமிடக் கேட்டலை மீண்டும் செய்யுங்கள். இப்போதுள்ள அறையின் ஒலிகள் அவர்களைக் கதையில் இருந்து மெல்ல மீட்டுவரும். மணி அடித்துவிட்டது என்று இதை விட்டுவிட்டால், நாடகத்தின் கனத்தோடு சிலர் அடுத்த பாடத்துக்குப் போவார்கள்.

பேசுவதும் நிகழ்த்துவதும்

நிகழ்த்திய பின் நடக்கும் உரையாடலில் 'யார் நன்றாகச் செய்தார்கள்?' என்ற கேள்வியைத் தவிர்த்து, 'எந்த ஒலியை எடுத்துவிட்டால் பொருள் மாறிவிடும்?', 'எந்த ஒலி தேவையே இல்லை?', 'யாருடைய ஒலி இதில் இல்லை?' என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்ல வைக்காதீர்கள்.

மாணவர்கள் தங்கள் ஒலிக்கோலத்தைத் தாளில் குறித்து வைக்கலாம். இடமிருந்து வலமாக நேரம், மேலிருந்து கீழாக ஒலிகள். கோடு தடித்தால் ஒலி கூடுகிறது, புள்ளியாகச் சிதறினால் விட்டுவிட்டு ஒலிக்கிறது, வெற்றிடம் மௌனம். இசைக்குறி தெரியாதவர்களுக்கும் இது புரியும். வேறொரு குழு அந்தத் தாளை மட்டும் பார்த்து நிகழ்த்த முயன்றால், எழுதியவர்கள் எதைத் தெளிவாகக் குறிக்கவில்லை என்பதும் தெரிந்துவிடும்.

வெளியாருக்கு நிகழ்த்துவதானால் உலகக் குழந்தைகள் நாளான நவம்பர் 20 பொருத்தமான நாள். மேடை வேண்டாம். பெற்றோரையும் ஆசிரியர்களையும் அறையின் நடுவில், நாற்காலிகளை வெவ்வேறு திசைகளில் திருப்பிப்போட்டு உட்கார வைத்து, மாணவர்கள் சுவரோரமாக நின்று நிகழ்த்தட்டும். ஒலி பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வருவதால் பெரியவர்களுக்குக் கேட்பதைத் தவிர வேறு வேலை இருக்காது. நிகழ்ச்சி முடிந்ததும் கைதட்டலுக்கு முன், ஒவ்வொரு பெரியவரும் தான் கேட்டவற்றில் ஒன்றையும், அதனால் தான் செய்யக்கூடிய ஒன்றையும் சிறு தாளில் எழுதித் தரும்படி மாணவர்கள் கேட்கலாம். அந்தத் தாள்களை அடுத்த வகுப்பில் மாணவர்களே படித்து, எவற்றுக்குப் பின்தொடர்ந்து நினைவூட்ட வேண்டும் என்று பிரிப்பார்கள்.

ஒலிப்பதிவு செய்வதானால், எதற்காக, எவ்வளவு காலம், யார் கேட்பதற்கு என்பதை முதலில் மாணவர்களிடமும் பெற்றோரிடமும் சொல்லி ஒப்புதல் பெறுங்கள். குழந்தையின் தனியுரிமையைக் காக்கும் 16ஆம் பிரிவு உங்கள் வகுப்புக்கும் பொருந்தும். குரலை வைத்தே ஒருவரை அடையாளம் காண முடியும் என்பதால், முகம் தெரியவில்லை என்ற காரணத்தைக் காட்டிப் பதிவைச் சமூக ஊடகத்தில் ஏற்றிவிடக் கூடாது. ஒரே ஒரு மாணவர் வேண்டாம் என்று சொன்னால், அவர் குரல் இல்லாமல் வேறொரு முறை பதிவு செய்யுங்கள், அல்லது பதிவையே விட்டுவிட்டு அந்தக் கோட்டுத் தாளைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.